நானே கேட்ட புகை

புனே நகரில் எங்கள் சபையாரில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். 1:87 அளவிலான மாதிரி நீராவி எஞ்சின்களை ஓட்டுவது அவருடைய பிரியமான பொழுதுபோக்கு. 2019 கோடை விடுமுறையில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைத்தார். "புகை வந்தால்தான் பிள்ளைகள் மகிழுவார்கள், ஐயா" என்று அவரைத் தூண்டியவன் நானே. மீட்டர் கேஜ் எஞ்சினின் கரிப்புகையை முகர்ந்து வளர்ந்தவனல்லவா!

அது கரிப்புகையன்று, நீராவியுமன்று. புகைபோக்கிக்குள் இருக்கும் சிறு குழாயில் சுத்திகரித்த பாரஃபின் எண்ணெய் சில துளிகள் விடுவார்கள். மின்கம்பிச் சுருள் அதைச் சூடாக்கும். எழும் ஆவி குளிர்ந்து, கண்ணுக்கெட்டாத நுண்துளிகளாகி வெண்புகையாய்த் தோன்றும். எண்ணெய் அதிகமானால் தெறிக்கும். வற்றினால் சுருள் கருகிப்போகக்கூடும். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946-லேயே புகைவிடும் பொம்மை எஞ்சின்களை விற்றது.

புகை நேராக எழவேண்டுமென்று மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களையும் அடைத்தோம். ஐந்து எஞ்சின்கள் ஓடின. நண்பகலுக்குள் குழல்விளக்குகளின்கீழ் மெல்லிய மூட்டம் தங்கிற்று. தண்டவாளத்தில் எண்ணெய் படிந்து சக்கரங்கள் வழுக்கின. பெரியவர் துணியால் துடைத்துக்கொண்டேயிருந்தார். நான் அதைக் கண்டும், பிள்ளைகளின் மூச்சுக்குள்ளும் அதுவே போகிறதென்று எண்ணவில்லை. மேசையின் உயரமும் அவர்கள் முகத்தின் உயரமும் ஒன்றே!

ஆஸ்துமா உள்ள ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருமத் தொடங்கினாள். தாயார் பதறிப் பையில் இன்ஹேலரைத் தேடினார். நான் பிள்ளையைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிச் சென்றேன். அவள் மூச்சு சீராகும்வரை என் கைகள் நடுங்கின.

பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஜன்னல்களைத் திறவுங்கள், பாஸ்டர் ஐயா" என்று மாத்திரம் சொன்னார். மறுநாள் ஒரே எஞ்சின், மணிக்கு மூன்று நிமிடம் மட்டும் புகைவிட்டது. அதற்குமுன் அறிவித்தார், மேசையைச் சுற்றிக் கயிறு கட்டினார். எண்ணெய்ப் புட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். குழந்தை அதைக் குடித்துவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிக் கடும் அழற்சி உண்டாக்கும். வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதை அவரிடமே அறிந்தேன்.

மாலையில் அந்தச் சிறுமி மீண்டும் வந்து வாசலிலேயே தயங்கி நின்றாள். பெரியவர் புகையில்லாத, ஆறிய எஞ்சின் ஒன்றை எடுத்துப்போய் அவள் உள்ளங்கையில் வைத்தார்.