நிற்கப் பழகிய சைக்கிள்

ஏறுவதற்குக் கால் வேண்டும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். எங்கள் சூரியநெல்லியில் பிறந்தவர்க்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னக்கானலும் பூப்பாறையும் கடந்து போடிமெட்டை அடைந்தால், அங்கிருந்து மலையடிவாரம் வரை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். 17 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிவிட்டால் வளைவுக்கு அப்பால் பேருந்து வருகிறதா, பாறை கிடக்கிறதா என்பதே தெரியாது.

கொழுக்குமலைக்கு ஜீப்பு ஓட்டும் என் மாமா, "எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு, மருமகனே" என்பார். சைக்கிளை இழுத்துப் பிடிக்க எஞ்சின் ஏது? நானும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பங்கைத் தாங்குபவை இரண்டு மெல்லிய எஃகு வட்டுகளே.

'டிஸ்க் பிரேக்' புதியதன்று. லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1902இல் காருக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். சாலைப் பந்தயச் சைக்கிள்களுக்கு அது முழு அனுமதி பெற்றதோ 2018இல்தான். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக் மழையில் வழுக்கும். அச்சருகே உள்ள வட்டு நீரையும் சேற்றையும் விட்டு விலகி நிற்கும்.

எனினும், நான் வாங்கிய புதுவண்டி முதல் வாரம் கிறீச்சிட்டதேயன்றி நிற்கவில்லை. பிரேக் ஒயரை இறுக்கு என்றனர் பலர். காரணம் வேறு. பிரேக் கட்டையின் மெல்லிய படலம் வட்டின்மேல் சீராகப் படிந்த பின்னரே முழுப்பிடிப்பு வரும். ஆதலின் ஆளில்லாத சமதரையில் விரைந்து சென்று, முற்றும் நிற்காமல், நடைவேகத்துக்குக் குறைத்தேன். முன்பிரேக்குக்கு இருபது முறை. பின்பிரேக்குக்கு இருபது முறை. கிறீச்சொலி அடங்கியது, பிடிப்பு வந்தது.

அதன்பின் வட்டில் விரல் படவிடுவதில்லை. சங்கிலி எண்ணெய் ஒரு துளி பட்டாலும் கட்டை கெடும். 140 மி.மீ. வட்டுக்குப் பதில் 160 மி.மீ. வட்டைப் பொருத்தினால், அதே அழுத்தத்தில் பிடிப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். நெம்புகோல் தத்துவமே இது. ஃபிரேமும் ஃபோர்க்கும் அவ்வளவை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் சாலையைப் பற்றுவது டயரே. அது வழுக்கியபின் எந்தப் பிரேக்கும் காவாது. ஆகவே, நண்பர்களே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். விட்டுவிட்டுப் பிடித்து வட்டை ஆறவிடுங்கள். விரைவைப் போற்றும் காலம் இது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதும் ஆற்றலே அன்றோ! அது கடையில் விலைக்கு வருவதன்று, பழக்கத்தால் வருவது.