தேத்தண்ணிக்கும் கணக்கு உண்டு

2018இல் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அன்று என் எடை 118 கிலோ. ஒன்றரை வருடத்துக்குள் 79க்கு இறங்கினேன். 2022 முடியும்போது 98. எங்கள் ஊர் அட்டாளைச்சேனையில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த 79 தெரியும். நானே சந்தோஷமாகச் சொன்னது. 98ஐ யாருக்கும் சொல்லவில்லை. அபாயாவுக்குள் இருபது கிலோ ஏறினாலும் வெளியே சட்டென்று தெரியாது. அதுவே எனக்கு வசதியாகவும் போய்விட்டது.

எங்கள் குடும்பத்துக்குச் சீனி வருத்தம் புதிதல்ல. வாப்பாவுக்கு முதலில் கால் பெருவிரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். உம்மா இன்றும் மாத்திரையில் இருக்கிறார். 2018–19இல் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வு, இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு என்று வையுங்கள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அந்த ஒருவர் நானானேன். இன்சுலின் ஊசி வந்தது, பிரஷர் வந்தது, நான் படிப்பிக்கும் பாடசாலையில் மேல்மாடி வகுப்புக்கு ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. உடற்திணிவுச் சுட்டெண் 27.5ஐத் தாண்டினாலே ஆசியர்களுக்கு ஆபத்து அதிகம். என்னுடையது 47. வாப்பாவின் கட்டிலருகே இருந்து புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். அழகுக்காக இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனேன் என்று பேசியவர்களுக்கு அது தெரியாது.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்ற முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற ஒரு பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். வெட்டி எடுக்கும் மேற்பகுதியில்தான் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஹோர்மோன் அது. அந்தப் பகுதி போனதும் பசியும் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சாப்பாட்டு நேரம் வந்ததை மணிக்கூட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சில வாரங்களிலேயே இன்சுலினை நிறுத்தினார்கள். மாடிப்படி ஏறினேன், ஸஜ்தாவில் இருந்து கதிரை பிடிக்காமல் எழும்பினேன். எடை கூடிய கதையைச் சொல்லப் போகிறேன் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது: அந்தச் சத்திரசிகிச்சைக்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

கஷ்டம் வேறு பக்கத்தால் வந்தது. அடுத்த ஊரில் ஒரு கலியாண வீடு. சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பெண்களோடு பேச்சு வாக்கில், மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவே அது நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. தண்ணீர் குடித்தால் இறங்கும் என்று யாரோ கிளாசை நீட்டினார்கள். குடித்ததும் வலி இரட்டிப்பானது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வளவுக் கிணற்றடிக்குப் போய், முழுவதையும் வாந்தி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து இறைச்சி என்றாலே பயம். பிறகு கோழி, அதன் பிறகு மீன் பொரியலிலும் சந்தேகம்.

அந்த இடத்தில்தான் பாதை மாறியது. அது அப்போது எனக்கு விளங்கவில்லை. இறைச்சியும் மீனும் முட்டையும் மெல்ல நேரம் எடுக்கும், சிறிய இரைப்பையில் கனநேரம் தங்கும், கொஞ்சத்திலேயே போதும் என்று சொல்ல வைக்கும். என்னைப் போன்றவர்கள் நாளொன்றுக்கு அறுபது கிராமுக்குக் குறையாமல் புரதம் எடுக்க வேண்டும் என்று சொல்வது உடம்பின் தசை கரையாமல் இருக்கவும்தான். அதை விட்டுவிட்டு, தொண்டையில் சிக்காமல் போவதையெல்லாம் தேட ஆரம்பித்தேன். தேத்தண்ணியில் நனைத்த கிறீம் கிறேக்கர் வலிக்காது. வட்டிலப்பம் வலிக்காது. கஞ்சி, ஐஸ்கிறீம், பால்மாத் தேத்தண்ணி எதுவும் வலிக்காது. இரைப்பை எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும் இவை வழுக்கிக்கொண்டு போய்விடும்; கால் மணித்தியாலத்தில் அடுத்ததற்கு இடம் காலியாகிவிடும்.

உம்மாவும் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தும் நான் உம்மாவோடுதான் இருக்கிறேன். காலையும் மாலையும் ஒரே பேச்சு: "நீ ஒண்டும் தின்னுறல்லயே புள்ள. இந்தக் கஞ்சியையாவது குடி." கோப்பையில் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு கோப்பை வரும். நோயாளி மகளுக்குத் தன் கையால் எதையாவது கொடுக்காமல் ஒரு தாயால் இருக்க முடியாது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைத் தட்டிய யாரையும் "தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க ராத்தா" என்று சொல்லாமல் அனுப்பாத ஊர் இது. பாடசாலை இடைவேளையில் பிளேன்டீ, பெற்றோர் கூட்டத்தில் பிளேன்டீ, மௌத்து வீட்டில் பிளேன்டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

பிறகு 2020 வந்தது. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று ஏப்ரலில் அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டது. அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்றில் தொற்றுப் பரவி, எங்கள் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் அடைந்து கிடந்தோம். வாப்பாவுக்கு மூச்சு வாங்கினால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவே பயந்தோம். மௌத்தானால் ஜனாஸாவை அடக்கத் தர மாட்டார்கள் என்ற பயம் அது. இரவில் நித்திரை இல்லை. பசி இல்லாமலே குசினிக்குப் போவேன், பிஸ்கட் டின்னைத் திறப்பேன், இருட்டில் நின்றுகொண்டு சாப்பிடுவேன். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். அந்தப் பயம் கொஞ்சம் இறங்கியது. இரவில் டின்னைத் திறக்கும் பழக்கம் இறங்கவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோரும் பட்டதுதான். முட்டை விலையும் இறைச்சி விலையும் கைக்கு எட்டவில்லை. எட்டியது பிள்ளைகளின் கோப்பைக்குப் போனது. சோறும் கோதுமை மா ரொட்டியும் எனக்கு மிஞ்சின. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டிய விற்றமின் மாத்திரைகள் கடைகளில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்க வழியில்லை. பெற்றோல் இல்லை, கொழும்புக்குப் போகவில்லை, கிளினிக் விட்டுப்போனது. இதுவரைக்கும் காரணங்கள் வெளியே இருந்தன. ஆனால் பெற்றோல் வரிசைகள் முடிந்து பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகும் நான் போகவில்லை. தராசில் ஏறி நிற்க வெட்கம். கடன் வாங்கி, நகை வைத்துச் செய்த சத்திரசிகிச்சையை நாசமாக்கிவிட்டாய் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்வார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என்னை அசைத்தது மூத்த மகன். இந்தக் கரையோர ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல அவனுக்கும் உதைபந்தாட்டம் உயிர். ஓர் இரவு குசினி லைட்டைப் போட்டான். பிஸ்கட் டின் என் கையில் இருந்தது. அவன் அதைப் பார்க்காதது போலத் தண்ணீர் குடித்துவிட்டு, "உம்மா, மரடோனாவுக்கும் இப்படி ஒரு ஆபரேஷன் செஞ்சிருக்காங்க. அவருக்கும் திரும்ப வெயிட் போட்டிருக்கு. ரெண்டாம் தரமும் செஞ்சிருக்காங்க" என்றான். உண்மைதான். 2005இல் கொலம்பியாவில் அவருக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்து உடம்பு வெகுவாக இளைத்தது; எடை மீண்டும் ஏற, 2015இல் வெனிசுவேலாவில் மறுபடி நடந்தது. நான் மறைத்துக்கொண்டிருந்ததை என் பிள்ளை எப்போதோ கண்டுபிடித்து, தனியாக இருந்து தேடிப் படித்திருக்கிறான். என்னை வெட்கப்படுத்தாமல் சொல்ல ஒரு வழியையும் தேடியிருக்கிறான். அந்த வாரமே கிளினிக்குக்கு நேரம் எடுத்தேன்.

டொக்டர் ஏசவில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அதில் இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீத எடையைக் குறைத்திருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாகியிருந்தது. வேறு முறைகளில் செய்தவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. அப்படியிருந்தும் சத்திரசிகிச்சை செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் இறந்தவர்கள் குறைவு. "கொஞ்சம் திரும்பி வாறது எதிர்பார்க்கிறதுதான் டீச்சர். உடம்பு இழந்ததைத் திரும்பப் பிடிக்கத்தான் பார்க்கும். நீங்க வராம விட்டதுதான் பிழை" என்றார்.

போசணை நிபுணர் ஒரு தாளைத் தந்து, முந்தின நாள் சுபஹுக்கு எழும்பியதிலிருந்து வாயில் பட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். சோறு அரைக் கோப்பைதான். அதை முதலில் எழுதினேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிறகு பிள்ளை மிச்சம் விட்ட பிட்டு, உப்புப் பார்க்க வாயில் போட்ட குழம்பு, இடைவேளையில் ஒரு ரோல்ஸ், கிறீம் கிறேக்கர், பக்கத்து வீட்டிலிருந்து வந்த தொதல் துண்டு, ஆறு கோப்பைத் தேத்தண்ணி. தாளின் மறுபக்கத்துக்கும் போக வேண்டி வந்தது. தேத்தண்ணியில் மட்டும் பன்னிரண்டு கரண்டி சீனி, ஏறத்தாழ ஐம்பது கிராம். நாளுக்கு இருபத்தைந்து கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் முப்பதைத் தாண்டவில்லை. இரைப்பை எவ்வளவு சிறிது என்பதற்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. கத்தியால் குறைத்தது ஒருநேரச் சாப்பாட்டின் அளவை. நான் நாள் முழுக்க நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மீண்டும் மெல்லப் பழகினேன். முதலில் அவித்த முட்டை, பிறகு ஆணத்தில் நன்றாக வெந்த மீன், கடைசியாகக் கொத்திய இறைச்சி. கோப்பையில் அவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, அரை மணித்தியாலம் கழித்துத்தான். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. முதல் கிழமை அது கசப்பு மருந்து போலத்தான் இருந்தது. கடினமானது வேறு: அயல்வீடுகளுக்குப் போய் உண்மையைச் சொன்னது. எனக்கு எடை கூடிவிட்டது, தேத்தண்ணி தந்தால் சீனி போடாமல் தாருங்கள், பணியாரம் அனுப்பாதீர்கள் என்றேன். சிலர் முகம் சுருங்கியது. ஆனால் "எனக்கும் சீனி இல்லாமலே ஊத்துங்க" என்று சொன்ன ராத்தாமார்களும் இருந்தார்கள்.

நோன்பு காலம்தான் இன்னமும் கஷ்டம். பள்ளியில் அஸருக்குக் கொடுக்கும் கஞ்சி, வீட்டுக்கு வீடு மாறும் சம்சா, கட்லட். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரைக்கும் இந்தச் சின்ன இரைப்பையில் தண்ணீரையும் புரதத்தையும் மாறி மாறி நிரப்ப நேரம் பற்றாது. கஞ்சிக்கு இடம் கொடுத்தால் மீனுக்கு இடமில்லை. கஞ்சியை அரைக் கோப்பையோடு நிறுத்துகிறேன். சில நாட்களில் நிறுத்த முடிவதில்லை. அந்த நாட்களையும் தாளில் எழுதுகிறேன். எடை இப்போது 90. 79க்குத் திரும்பிப் போவேன் என்று டொக்டரும் சொல்லவில்லை, நானும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்சுலின் திரும்பி வரவில்லை.

ராத்தாவின் மகளுக்கும் இந்தச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கிலோ குறையும் என்றுதான் அவள் என்னிடம் முதலில் கேட்டாள். ஐந்தாவது வருடத்தில் கிளினிக்குக்கு எப்படிப் போவாய், பீ12உம் இரும்புச்சத்தும் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு வருடா வருடம் எங்கே காசு, இரவில் நித்திரை வராவிட்டால் என்ன செய்வாய், உன் வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் அவளிடம் பதில் இருந்தது. அதனால் வாற மாதம் டொக்டரைப் பார்க்கப் போகும்போது அவளோடு ராத்தாவும் போகிறார். நானும் என் தாள்களை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் போகிறேன்.