தாங்கல் கரையில் ஒரு தை மாலை

மாலை நாலரை மணி. வேடந்தாங்கல் ஏரிக்கரையில், பார்வைக் கோபுரத்தையும் அதன் கூட்டத்தையும் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஏரி. முதுகுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே, வயல்கள். நடுவில் இந்த மண்கரை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

ஏரி சிறியது. 30 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 74. மதுராந்தகம் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது குட்டையாகத்தான் படும். தாங்கல் என்ற சொல்லுக்கே சிறிய ஏரி என்றுதான் பொருள். வேடனின் தாங்கல். துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஊருக்கு இப்படியொரு பெயர் நிலைத்துவிட்டது.

தண்ணீருக்குள் இடுப்பளவு நிற்கின்றன நீர்க்கடம்பு மரங்கள். இலை பாதி, இறகு பாதி. உச்சிக் கிளைகளில் மஞ்சள் மூக்கு நாரைகள். வால்பக்கம் மட்டும் யாரோ ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்த மாதிரி. கொஞ்சம் கீழே நத்தைகுத்தி நாரைகள். மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைக் கவ்வப் பிறந்த அலகு. கூழைக்கடா ஒன்று கிளைக்குப் பொருந்தாத உடம்போடு இறங்குகிறது, மரமே ஒருமுறை அசைந்து கொடுக்கிறது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப் போட்டிருக்கின்றன. குஞ்சுகளின் இரைச்சல் ஓயவே இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையோ கீரியோ மரத்தை அண்ட முடியாது. அந்த நம்பிக்கையில் போட்ட கூடுகள்.

எனக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரியவர், தோளில் துண்டு, பக்கத்தில் பேரன்.

“தாத்தா, அது எங்க போவுது?”

“இரை எடுக்கப் போவுது கண்ணு. தோ பாரு, ஒண்ணு போனா ஒண்ணு கூட்டுல குந்திகினு இருக்கும்.”

“இங்கியே மீன் இருக்குதே?”

“இவ்வளோ பறவைக்கு இது எங்கடா பத்தும்? வேற வேற ஏரிக்குப் போயி எடுத்தாரும்.”

பெரியவர் சொன்னதில் இந்த வட்டாரத்தின் நில அமைப்பு இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைதான் மூலதனம். அதைப் பிடித்து வைக்கச் சரிவுக்குச் சரிவு கரை போட்டார்கள். ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து. அந்த ஏரிகளிலெல்லாம் இரை, இந்த ஒன்றில் கூடு என்று பறவைகள் பிரித்து வைத்துக்கொண்டன. மழைக்குப் பின் வந்து, முட்டையிட்டு, வெயில் ஏறி ஏரி வற்றும்போது குஞ்சுகளோடு கிளம்பிவிடும். வாத்தினங்கள் அதிகம் சேர்வது பக்கத்துக் கரிக்கிலியில்.

இப்போது முதுகுப்பக்கம் திரும்புகிறேன். மதகிலிருந்து வாய்க்கால் போகிறது. தண்ணீர் லேசான பச்சை. இத்தனை ஆயிரம் பறவைகளின் எச்சம் விழுந்து ஊறிய தண்ணீர். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்தே வருகிறது. பாய்கிற வயலுக்கு உரம் தனியாக அவ்வளவு போட வேண்டாம். மரத்திலிருந்து ஏரிக்கு, ஏரியிலிருந்து மதகுக்கு, மதகிலிருந்து நெல்லின் வேருக்கு என்று எல்லாமே இறக்கம். இந்த ஊரின் வரலாறும் இந்த இறக்கத்தில்தான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதைக் கண்டதாக, ஏரி காத்த ராமர் கோயில் கதை சொல்கிறதே, அதே பிளேஸ் துரை. 1798இல் அவர் இந்த ஊருக்கு கவுல் என்ற உறுதிப் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்தார்: இங்கே பறவையைச் சுடக்கூடாது. 1858இல் ஊரார் மறுபடி கேட்டு, அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். 1936இல்தான் அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது 2022இல்.

அந்த 1798க்கே என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. கலெக்டர் கச்சேரிக்கு நடந்துபோன அந்த உழவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அதிகாரத்தின் கையில் துப்பாக்கி இருந்த நாளில், ஒரு சிறிய தாங்கலின் ஆயக்கட்டுக்காரர்கள் போய், எங்கள் பறவையைச் சுடாதே என்று கேட்டிருக்கிறார்கள். பறவைமேல் வைத்த இரக்கம் எவ்வளவு, விளைச்சல்மேல் வைத்த அக்கறை எவ்வளவு என்று பிரிக்க நான் விரும்பவில்லை. அவர்களுக்கு அது பிரிந்திருக்காது.

வெயில் சாய்கிறது. சுற்றுலா வண்டியிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவன் கரையிலேறி, பறவைகளைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையில் கையைத் தட்டுகிறான். வெள்ளரிக்காய் விற்கும் அம்மா கூடைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார்.

“தம்பி, குஞ்சு வச்சிருக்குதுப்பா.”

அவ்வளவுதான் சொன்னார். இளைஞன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறான். அம்மா வெள்ளரிக்காயை நீளவாக்கில் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, அவனிடம் ஒன்றை நீட்டுகிறார்.

மேற்கே இருந்து நாரைகள் வரிசையாக வருகின்றன. கீழே வயலில், நாற்று நட்டு முடித்த பெண்கள் கரையேறி, மதகடி வாய்க்காலில் கால் சேற்றைக் கழுவுகிறார்கள். பச்சைத் தண்ணீர் கலங்கி, மறுபடி தெளிந்து, வயலுக்குப் போகிறது.