மேற்கே கறுக்கிறது

ஆகஸ்ட் கடைசி, மாலை நாலரை மணி. அம்பத்தூரில் எதிர்வீட்டு மொட்டை மாடியில், சீருடையைக்கூட மாற்றாமல் ஒரு பள்ளி மாணவி. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் போனில் படம் எடுக்கிறாள். பிறகு தலைக்கு நேர் மேலே ஒன்று, காலடியில் ஒன்று. குளோப் அப்சர்வர் செயலி கேட்பது இந்த ஆறு படங்களையும், வானம் எவ்வளவு மூடியிருக்கிறது என்ற கணிப்பையும். அதே நேரத்தில் செயற்கைக்கோள் பார்த்ததோடு அவள் பார்த்ததை நாசா ஒப்பிடும்.

"பாப்பா, மேக்கால கறுக்குது. துணிய எடு."

"இரு ஆயா, இத அனுப்பிட்டு வர்றேன்."

பூந்தமல்லிப் பக்கம் ஒரே ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் வீசிய வறண்ட மேல்காற்றும் வங்கக்கடலிலிருந்து நுழைந்த கடற்காற்றும் அங்கே முட்டுகின்றன; ஈரக்காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. காலிஃப்ளவர் போலத் திரண்டிருந்த உச்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு கலைந்து நார்நாராகிறது. நீர்த்துளிகள் பனித்துகளாகிவிட்டன. இனி இடிதான்.

2025 மே மாதம் வந்த, இந்தியாவின் பாரத் வானிலை முன்கணிப்பு முறை வானத்தை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம். இங்கே கொட்டும்போது அங்கே புழுதி பறப்பது எங்களுக்குப் பழகிப்போனது. பிறக்கும் மேகம் ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கணினி அதை நேரே காண்பதில்லை, ஊகிக்கிறது. ஊகத்தைத் திருத்த மேகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதிவதைத் தவிர வேறு வழி என்ன? மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு உயர மேகம் அடியிலுள்ளதை மறைத்துவிடும். அடி தெரிவது மாடியிலிருந்து.

மேகம் தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதும் முக்கியம். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பியனுப்பும். உயர்ந்த மெல்லிய மேகம் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வருங்கால வெப்பக் கணக்கில் அறிஞர்கள் அதிகம் தடுமாறுவது மேகங்களில்தான்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் கொட்டியது. அதையொட்டி வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் கறுத்த வானத்தைப் பார்க்கும் பார்வையே வேறு.

"எவ்ளோ மூடியிருக்கு ஆயா? பாதிக்கும் கம்மின்னு போடட்டுமா?"

"பாதியா? டேங்குக்கு அந்தாண்ட வந்து பாரு. முக்காவாசி மூடிருச்சு."

அவள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போய்ப் பார்க்கிறாள். 50 முதல் 90 சதவீதம் என்று மாற்றிவிட்டு அனுப்புகிறாள்.