சாடில் பீக்கில் ஒரு நாள் கூலி

1858 ஏப்ரலில் அந்தமானின் ராஸ் தீவிலிருந்து தப்பியோடிய கைதிகளுக்கு ஒரு வழிகாட்டி இருந்தான். பெயர் ஆகா. அவனும் கைதிதான். எதிரே தெரிகிற காட்டுக்குள் புகுந்து பத்து நாள் நடந்தால் பர்மா ராஜாவின் தலைநகரம் வந்துவிடும், ராஜா நம்மையெல்லாம் வேலையில் சேர்த்துக்கொள்வார் என்று அடித்துச் சொன்னான். தண்டனைக் குடியிருப்பு தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்குத் தாங்கள் நிற்பது தீவுக்கூட்டம் என்றோ, பர்மாவுக்குப் போக ஒரு கடலையே தாண்ட வேண்டும் என்றோ யார் சொல்லியிருப்பார்கள்? மரங்களைக் கட்டித் தெப்பமாக்கிக் கரை கடந்தார்கள். வேறு இடங்களிலிருந்து தப்பியவர்களும் சேர, கூட்டம் நூறைத் தாண்டியது. இரண்டு வாரம் போலப் பசியிலும் தாகத்திலும் காட்டுக்குள் சுற்றினார்கள். அதற்குப் பிறகு பழங்குடிகளின் அம்புகள். துத்நாத் திவாரி என்ற சிப்பாய் காயத்தோடு பிழைத்து, அம்பு விட்டவர்களோடு ஓராண்டு வாழ்ந்து, 1859 மே மாதம் திரும்பி வந்தார். அபர்தீன் குடியிருப்பை அவர்கள் தாக்கப்போவதை வெள்ளைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி மன்னிப்பும் வாங்கிக்கொண்டார்.

திக்லிபூர் பேருந்தில் மச்சானுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ வழிகாட்டியே வேணாம்னு நீயே சொல்லிட்ட மாப்ள” என்றான்.

எங்களுக்குள் சண்டை அதுதான். அந்தமானின் மிக உயரமான இடம் சாடில் பீக், 732 மீட்டர். கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் கொடைக்கானலுக்குப் பேருந்து போகிறது. இங்கே கடல் மட்டத்திலிருந்தே கால் வைக்க வேண்டும். லாமியா விரிகுடாவில் வனத்துறைச் சாவடி. அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், அதே வழியில் திரும்பி இன்னொரு எட்டு. அனுமதிச் சீட்டு கட்டாயம். வழிகாட்டி நம் இஷ்டம்.

மச்சான் கட்சி எளிமையானது. மரங்களில் சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கைபேசியில் வரைபடம் இறக்கி வைத்தாயிற்று. புலி இல்லை, சிறுத்தை இல்லை, அந்தமான் காட்டில் குரங்குகூடக் கிடையாது. பிறகு எதற்கு ஒருவனுக்குக் கூலி கொடுத்து முன்னால் நடக்கவிட வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், போன குளிர்காலத்தில் இதே மச்சான் எதிர்க்கட்சியில் இருந்தான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவன் பையன் பனிச்சறுக்குப் பைத்தியம். பிரான்சில் ஷாமொனிக்குப் போய், கம்பம் நட்டுச் சமப்படுத்திய சரிவை விட்டு விலகிப் பனியாற்றின் மேல் சறுக்கப் போகிறேன், வழிகாட்டிக்குக் கேட்கிற காசு ஏரோப்பிளேன் டிக்கெட்டைவிட அதிகம், நண்பர்களோடு போய்க்கொள்கிறேன் என்றான். மச்சான் பதறிப்போய், பணம் நான் அனுப்புகிறேன், ஆள் வைத்துக்கொள் என்று ராத்திரி முழுக்கப் போனில் கெஞ்சினான். பனியாற்றில் ஆழமான பிளவுகள் இருக்கும். புதுப்பனி விழுந்தால் அவற்றின் மேல் மெல்லிய கூரை போல மூடிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. முன்னால் ஒருவன் சறுக்கிப் போன தடம் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. அவன் எடைக்குத் தாங்கிய கூரை நம் எடைக்குத் தாங்க வேண்டும் என்று சட்டமா?

ஷாமொனி வழிகாட்டிகளின் சங்கம் 1821-இல் தோன்றியதற்குக் காரணமே ஒரு விபத்துதான். முந்தின ஆண்டு ஆகஸ்டில் ஹாமெல் என்ற ரஷ்ய விஞ்ஞானி மோன் பிளாங் சிகரம் ஏறப் போனார். வானிலை மோசம், புதுப்பனி விழுந்திருந்தது. வழிகாட்டிகள் தயங்கினார்கள், கூலி கொடுக்கிறவர் விடவில்லை. பனி சரிந்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளியது. ஹாமெல் பிழைத்துக்கொண்டார். பனியாறு மெல்ல நகர்ந்து அந்த மூவரின் எச்சங்களை 1861-இல் மலையடிவாரத்தில் கொண்டுவந்து போட்டது. நாற்பத்தோரு ஆண்டு!

திக்லிபூரில் எங்கள் வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னது ஒரு டீக்கடை அக்கா. அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அந்தமானில் எந்த மூலைக்குப் போனாலும் இப்படி ஒரு தமிழ்க் குரல் அகப்பட்டுவிடும். “மேல போகணும்னா ஒருத்தர் இருக்காரு, அவரோட போங்க. கூட்டிட்டுப் போக ஆயிரம் பேர் வருவான். இவரு வேணாம்னா வேணாம்பாரு” என்றார். அந்தச் சிபாரிசு எனக்குப் பிடித்திருந்தது. மச்சானுக்குக் கூலி பிடித்திருந்தது. போர்ட் பிளேரில் முதல் நாள் ராத்திரி நாங்கள் சாப்பிட்ட நண்டு அதைவிட விலை.

வந்தவர் ராஞ்சிக்காரர். 1918 வாக்கிலிருந்து சோட்டா நாக்பூரின் ஓராவ், முண்டா, காரியா மக்களைக் காட்டு வேலைக்கென்று இங்கே கொண்டுவந்தார்கள். இத்தனை தலைமுறை கழித்தும் அந்தமானில் அவர்களுக்கு ராஞ்சிக்காரர்கள் என்றுதான் பெயர். இந்தத் தீவுகளின் மரங்களை வெட்டியவர்களும் சாலைகளைப் போட்டவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஐம்பதை நெருங்கும் மனிதர். இடுப்பில் வெட்டுக்கத்தி, காலில் சந்தையில் விற்கும் ரப்பர் செருப்பு. மச்சானின் மலையேற்றச் சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் நிமிர்ந்தார். எங்கள் இந்தி எவ்வளவு தேறும் என்று இரண்டு கேள்வியில் கண்டுபிடித்து, அதற்குமேல் கடினமான வார்த்தை எதையும் பயன்படுத்தவில்லை.

கிளம்புமுன் ஒரே நிபந்தனை வைத்தார். பதினோரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. மச்சானுக்குக் கோபம். “மாலை ஆறு வரைக்கும் வெளிச்சம் இருக்குமே!” என்றான். அவன் கடிகாரம் இந்திய நேரம்தான் காட்டியது, ஆனால் மனசு சென்னையில் இருந்தது. பிப்ரவரியில் சென்னையில் ஆறேகாலுக்கு மறைகிற சூரியன் இங்கே ஐந்தரைக்குள் போய்விடும். தீவுகள் அத்தனை கிழக்கே கிடக்கின்றன. காட்டுக்குள் அதற்கும் வெகு முன்பே இருட்டிவிடும்.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கடலோரம். கூழாங்கல்லும் மணலும் மாறி மாறி வரும், இடப்பக்கம் அலை. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வட அந்தமானின் நிலம் மேலெழும்பியது. தெற்கே போர்ட் பிளேர் பக்கம் தாழ்ந்து வயல்களுக்குள் கடல் புகுந்தது. தான் சின்னப் பையனாக இருந்தபோது அலை எதுவரை வரும் என்று கத்தியை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இப்போது தாழை முளைத்திருந்தது.

ஓர் ஓடை கடலில் கலக்கும் இடத்துக்கு வந்தோம். முழங்கால் தண்ணீர், தெளிவாக அடிமணல் தெரிந்தது. மச்சான் சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்தான். அவர் கையை நீட்டித் தடுத்தார். இரண்டு கரையின் சேற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தார். எதைப் பார்க்கிறீர்கள் என்றேன். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தொடைமேல் வழுக்கிக் காட்டினார்: முதலை வயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கிய தடம் இருக்கிறதா என்று. இல்லை. இருந்தாலும் கொஞ்சம் மேலே போய்க் கற்கள் நிறைந்த இடத்தில்தான் கடக்கவிட்டார். உப்புநீர் முதலை கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக் தீவில், ஊர் உலகமெல்லாம் படம் பிடிக்கிற ராதாநகர் கடற்கரையை ஒட்டிய சிறு குடாவில், கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திய ஓர் அமெரிக்கப் பெண்ணை இழுத்துப் போனது அதுதான். கைபேசியின் வரைபடத்துக்கு முதலை தெரியாது.

பிறகு பாதை கடலுக்கு முதுகைக் காட்டி மேலேறத் தொடங்குகிறது. பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெருமரங்கள், கர்ஜன், படாக். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் அட்டைகள் உற்சாகமாக இருந்தன. துணியில் உப்பை முடிந்து குச்சி நுனியில் கட்டி ஆளுக்கொன்று தந்திருந்தார். அட்டை மேல் ஒரு தொடு, கழன்று விழும். சில இடங்களில் வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அம்புக்குறிகள் இருந்தன, மச்சான் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி எனக்குக் காட்டிக்கொண்டே வந்தான். பிரம்பு வெட்டுகிறவர்களின் தடமும் காட்டுப்பன்றித் தடமும் பாதையைவிட அகலமாகப் பிரிந்து போன இடங்களில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பத்தரைக்கு உச்சி. மேகம். கடலும் இல்லை, தீவும் இல்லை, கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட் மட்டும் தெரிந்தது.

“பார்த்தியா மாப்ள, ஒண்ணுமே ஆகல. அம்பைப் பார்த்தே வந்திருக்கலாம்” என்றான் மச்சான்.

இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. நல்ல நாளில் வழிகாட்டியின் கூலி தண்டச் செலவாகத்தான் தோன்றும். நடக்காத விபத்துக்குக் கணக்கு எழுத முடியாது. ஷாமொனியில் ஆள் வைக்காமலே சறுக்கிவிட்டு மாலையில் பீர் குடிக்கிறவர்கள்தான் அதிகம். மருமகனும் நாளைக்கு அவர்களில் ஒருவனாகலாம். ஆகையால் வழிகாட்டி வேண்டும், வேண்டாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கூலி எதற்கு என்று கேட்பது மேல். பாதை காட்ட என்றால் மச்சான் சொல்வதே சரி, பெயின்ட் டப்பா மலிவு. நம்மைப் பார்த்து முடியாது என்று சொல்ல ஒருவருக்கு நாமே அதிகாரம் கொடுத்துக் கூடக் கூட்டிப் போகிறோம் என்றால், அந்தக் காசுக்கு ஈடு வேறில்லை.

கூலியின் வில்லங்கமும் இங்கேதான். காசு கொடுப்பவனிடம் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞருக்கும் வழி தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். சட்டம் தடுத்திருக்கும் வடக்கு சென்டினல் தீவுக்கு ராத்திரியில் படகில் கொண்டுபோக, 25,000 ரூபாய் அளவில் வாங்கிக்கொண்டார்கள். கடலோரக் காவலின் கண்ணில் படாமல் போகும் அளவுக்குக் கடல் தெரிந்த மீனவர்கள். திறமையில் குறை சொல்ல முடியாது. சாவ் உயிரோடு திரும்பவில்லை, கொண்டுபோனவர்கள் கைதானார்கள். ஆகா முதல் இவர்கள் வரை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் வழிகாட்டியைவிட வழிகாட்டி இல்லாமல் தொலைவதே மேல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் ஊரில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே நாற்பது பாதைகளை வகுத்து, அந்தந்த மலைகளின் பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. நல்ல காரியம்; மலையில் பிறந்தவருக்கு மலையால் வருமானம். ஆனால் கட்டாயம் என்று வந்துவிட்டால் வழிகாட்டியும் சீட்டோடு வரும் ரசீது மாதிரி ஆகிவிடும் ஆபத்து உண்டு. இணையத்தில் பணம் கட்டிவிட்டு வருகிறவர், மழை மேகத்தைக் காட்டித் திரும்பலாம் என்கிற இருபது வயதுப் பையனைப் பார்த்து, பணம் வாபஸ் உண்டா என்றுதானே முதலில் கேட்பார்?

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முழுக் கூலியையும் கிளம்புமுன் கையில் கொடுத்து, பாதியில் திரும்பினாலும் இதே காசுதான் என்று சொல்லிவிடுவேன். லாமியாவிலும் அப்படியே செய்தேன். முன்பணம் வாங்கியவன் ஏமாற்றுவான் என்பது மச்சானின் பொருளாதாரம். உச்சியைத் தொட்டால் இனாம் என்று ஆசை காட்டுவது அதைவிட ஆபத்தான பொருளாதாரம் என்பேன். ஹாமெலின் வழிகாட்டிகள் தயங்கியது அறியாமையால் இல்லை.

பதினோரு மணி அடிக்குமுன் இறங்கத் தொடங்கினோம். மேகம் கலையும், அரை மணி பார்க்கலாம் என்று மச்சான் இழுத்தான். அவர் பதிலே சொல்லாமல் நடந்துவிட்டார்.

இறக்கத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அம்புக்குறிகளை ஏறுகிறவர் கண்ணுக்குப் படும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது வெறும் அடிமரம்தான் தெரிகிறது. அடையாளம் வேண்டுமானால் ஒவ்வொரு மரத்தையும் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். மச்சானும் கவனித்தான் என்பது, அவன் வழிகாட்டியின் முதுகுக்கு இரண்டடி பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்ததில் தெரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. உறவு நிலைக்க வேண்டுமே.

கடலோரத்துக்கு வந்தபோது ஏற்றம். காலையில் நடந்த மணலில் பாதி தண்ணீருக்குள். தாழைக்கு மேலே இருந்த ஒற்றையடித் தடத்தில் அழைத்துப் போனார். முட்கள் கீறின, யாரும் முணுமுணுக்கவில்லை. சாவடியில் எங்கள் பெயர்களுக்கு எதிரே நேரம் குறித்தார்கள். கொண்டுபோன பாட்டில்களை எண்ணிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஏரியல் பேயிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் படகு. கைதிகள் தப்பிய ராஸ் வேறு, இது வேறு. கடல் வற்றும்போது இரண்டு தீவுகளையும் ஒரு மணல்திட்டு இணைக்கும், அதில் நடந்து போகலாம். அதற்கும் கூட வருகிறீர்களா என்று மச்சான்தான் அவரிடம் கேட்டான், நான் இல்லை. அவர் சிரித்துவிட்டார். மணலில் நடக்க ஆள் எதற்கு, காசை வைத்துக்கொள்ளுங்கள், படகுக்காரர் எத்தனை மணிக்குத் திரும்பச் சொல்கிறாரோ அதற்கு மட்டும் தகராறு பண்ணாதீர்கள் என்றார்.