பார்த்துப் போ

நுழையும்முன்

நடத்தலே மனிதரின் முதற்பயணம். ஊர் நகரமாகி, நகரம் பெருநகரமாக விரியும்போது, அம்முதற்பயணத்துக்குரிய இடம் சாலையில் சுருங்கிவிடுகிறது. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் அச்சமின்றி இயங்கும்படி ஒரு நகரை எவ்வாறு அமைப்பது? அன்றாடம் நம் வாயில் வழங்கும் ஒரு சொற்றொடரிலிருந்து இவ்வினாவை எழுப்பி விடை தேடுகிறது இக்கட்டுரை.

இரண்டு சொற்கள்

வீட்டை விட்டுப் புறப்படுபவரை நோக்கி நாம் கூறும் சொற்கள் சில உண்டு. 'போய் வா' என்பது அவற்றுள் ஒன்று. 'பார்த்துப் போ' என்பது மற்றொன்று. முன்னது மீண்டு வருதலை வேண்டுகிறது. பின்னது மீண்டு வருவதற்கான வழியைச் சொல்கிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும், பணிக்குச் செல்லும் மகளுக்கும், கடைத்தெருவுக்குச் செல்லும் முதியவருக்கும் வாசற்படியில் நின்று நாம் வழங்கும் காப்பு இச்சொற்களே. இது அன்பின் மொழி, ஐயமில்லை. ஆயினும், இதனுள் ஒரு தீர்ப்பும் உறைந்திருக்கிறது. சாலை எப்படியிருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு நடப்பவருக்கே உரியது என்பதே அத்தீர்ப்பு. அது சரிதானா என்று என்னைச் சிந்திக்க வைத்தவர் என் தாயார்.

மிதிவண்டி கற்ற தாய்

என் தாயார் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் பரவியது. எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் அவ்வியக்கம் பெண்களுக்கு வழங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், வேளாண் கூலியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் அக்காலத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்களுள் என் தாயாரும் ஒருவர்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கண்மாய்க் கரையில் விழுந்தும் எழுந்தும் இருபது நாள்களில் கற்றுக்கொண்டார். அதன் பிறகு சந்தைக்குச் செல்லப் பேருந்தை எதிர்பார்க்கவில்லை. எவரையும் துணைக்கு அழைக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பின்னே கட்டிக்கொண்டு அவர் வண்டியை மிதித்து வரும்போது, ஊரின் எல்லையே அகன்றுவிட்டது போல எனக்குத் தோன்றும்.

எழுபதாம் வயதில் அவர் சென்னைக்கு எங்களோடு வாழ வந்தார். எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர் தொலைவில் ஒரு பூங்கா உண்டு. நூலகமும் காய்கறிக் கடைகளும் உண்டு. இடையே ஒரு முதன்மைச் சாலை. தொடக்கத்தில் நாள்தோறும் சென்றார். பின்னர், வாரத்துக்கு இருமுறை சென்றார். அதன் பின்னர், யாரேனும் துணை வந்தால் மட்டும் சென்றார். ஒருநாள், "முழங்கால் வலிக்கிறது, இனிப் போகவில்லை" என்றார். அதற்கு அடுத்த மாதம் ஊர்த் திருவிழாவுக்குச் சென்றபோது, இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயிலுக்கு எங்களுக்கு முன்னே அவர்தாம் நடந்து சென்றார். முழங்கால் அவரைத் தடுக்கவில்லை. சாலைதான் தடுத்தது என்பது அன்று எனக்கு விளங்கியது.

ஒன்பது வினாடிக் குறைவு

சென்னைக்குத் திரும்பியதும் அந்தச் சந்திப்பில் நின்று அளந்து பார்த்தேன். சாலையின் அகலம் 18 மீட்டர். நடப்போருக்கான பச்சை விளக்கு எரியும் நேரம் 15 வினாடி. சைகை விளக்கின் நேரத்தைக் கணிக்கும் பொறியாளர்கள், ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகப் பொதுவாகக் கொள்வர். 18 மீட்டரைக் கடக்க 15 வினாடி போதும், கணக்கில் பிழையில்லை. ஆனால், என் தாயாரின் நடை வினாடிக்கு 0.75 மீட்டர். அவருக்கு 24 வினாடி வேண்டும். பச்சை விளக்கு அணையும்போது அவருக்கு முன்னே இன்னும் ஏறத்தாழ ஏழு மீட்டர் சாலை எஞ்சியிருக்கும். வண்டிகள் உறுமிக்கொண்டு புறப்பட்டிருக்கும். எவ்வளவுதான் பார்த்துப் போனாலும் அந்த ஒன்பது வினாடிக் குறைவை அவரால் ஈடுசெய்ய இயலாது.

நடைபாதையையும் நாடாவால் அளந்தேன். நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத் தேவையான அகலம் அது. எங்கள் சாலையின் நடைபாதை பார்வைக்கு இரண்டு மீட்டர் அகலமுடையது. ஆனால், ஓரிடத்தில் மின்மாற்றி நின்றது. ஓரிடத்தில் மின்இணைப்புப் பெட்டி. ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகள். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நடைபாதை திடீரெனத் தாழ்ந்து மீண்டும் உயர்ந்தது. முந்நூறு மீட்டரில் பதினோரு இடங்களில் நடப்பவர் சாலையில் இறங்கியே ஆக வேண்டும். வரைபடத்தில் நடைபாதை இருந்தது, நடப்பதற்கு இல்லை.

வழி சொல்லும் மரபு

பழந்தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. பரிசு பெற்று வருபவர், வறுமையில் வாடும் மற்றொருவரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், செல்லவேண்டிய ஊரை மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. வழியின் இடர்களையும் முன்கூட்டியே எடுத்துரைக்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் என்பவற்றையெல்லாம் நடப்பவரின் நிலையில் நின்று அது சொல்கிறது. வழி தெரிந்தவர், வழி தெரியாதவருக்காக முன்னரே பார்த்துவைக்கிறார்.

நகரத் திட்டமிடலின் சாரம் இதுவே என்று கருதுகிறேன். இடரைச் சுட்டிக்காட்டுவது அன்றைய பாணரால் இயன்றது. இடரையே நீக்குவது இன்றைய நகரத்தால் இயலும். வழுக்கும் இடத்தைச் சீராக்கலாம். சாலையின் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு அமைக்கலாம். சந்திப்பின் முனைகளை நீட்டிக் கடக்கும் தொலைவைக் குறைக்கலாம். கடக்கும் இடத்தையே நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி, வண்டிகளை மெல்ல ஏறி இறங்கச் செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. மாறாக, நாம் நடைமேம்பாலங்களைக் கட்டுகிறோம். வண்டி நேர்வழியில் தங்குதடையின்றிச் செல்கிறது. முதியவரும் கருவுற்றவரும் படியேறி இறங்குகின்றனர். யாருக்காக யார் விலக வேண்டும் என்பதை அப்படிகளே சொல்லிவிடுகின்றன.

வேகமும் உயிரும்

இயற்பியல் பயிலும் மாணவர் அறிவர்: வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தை உணரும் ஒரு வினாடிக்குள் எட்டு மீட்டர் கடக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பதினாறு மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். முன்னதில் மோதலைத் தவிர்க்க வாய்ப்புண்டு. மோதினாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. சராசரி வேகம் ஒரு விழுக்காடு உயர்ந்தால், உயிரிழப்பு நேரும் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு விழுக்காடு உயரும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். அவர்களுள் பலருக்கும் அன்று காலையில் யாரோ ஒருவர் 'பார்த்துப் போ' என்று சொல்லித்தான் விடைகொடுத்திருப்பார்.

இந்நிலை மாற்ற இயலாத விதியன்று. இன்று மிதிவண்டிகளின் நாடு எனப் புகழப்படும் நெதர்லாந்தில், 1971ஆம் ஆண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினர். அம்முழக்கமும், 1973இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் அந்நாட்டைச் சிந்திக்க வைத்தன. குடியிருப்புத் தெருக்களில் வண்டிகளின் வேகம் குறைக்கப்பட்டது. மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் பெருகின. 1997இல் சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் மற்றொரு கொள்கையை ஏற்றது. மனிதர் தவறு செய்யும் இயல்பினர்; அத்தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது; ஆகவே, சாலையை வடிவமைப்போரும் பாதுகாப்புக்குப் பொறுப்பாவர் என்பதே அது. பொறுப்பு, வாசற்படியிலிருந்து வரைபட மேசைக்கு இடம்பெயர்ந்தது.

நம் பெருநகரில்

நாமும் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறோம். சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்குமான வசதிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று அது கூறியது. 2019இல் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குழந்தைகள் ஓடியாடவும் முதியோர் அமர்ந்து இளைப்பாறவும் அங்கே சாலையில் இடம் கிடைத்தது.

எனினும், ஒரு தெரு சிறந்தால் மட்டும் போதாது. பயணம் என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகும். ஒரே சாலையில் நடைபாதை ஒரு துறைக்குரியது. மின்மாற்றி மற்றொரு துறைக்குரியது. பேருந்து நிறுத்தமும் சைகை விளக்கும் வேறு துறைகளுக்குரியவை. நடப்பவருக்கோ அது ஒரே வழி. இத்துறைகளை ஓரிடத்தில் அமர்த்திச் சிந்திக்க வைப்பதே பெருநகரத் திட்டமிடலின் கடினமான பணி. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைப்பதற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டதன் நோக்கமும் இத்தகைய ஒருங்கிணைப்பே.

எங்கள் தெருவினர் சிலர் கூடி, நான் அளந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி உரிய அலுவலகத்தில் அளித்தோம். குறையாக எழுதவில்லை, எந்த இடத்தில் எத்தனை மீட்டர், எத்தனை வினாடி என்று மட்டும் எழுதினோம். ஓராண்டுக்குப் பின்னர், சாலையின் நடுவே நிற்பதற்கு ஒரு திட்டு அமைந்தது. பச்சை விளக்கு மேலும் ஐந்து வினாடி எரிந்தது. மின்மாற்றி இன்றும் அங்கேயே நிற்கிறது. என் தாயார் இப்போது வாரத்தில் நான்கு நாள் நூலகத்துக்குச் செல்கிறார். சாலையை இரண்டு தவணையாகக் கடக்கிறார். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். ஒரு முழ அகலக் கல்திட்டு அவருக்கு ஒரு நூலகத்தைத் திருப்பித் தந்தது.

பூட்டிய மிதிவண்டி

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் இருக்கிறார். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அவருடைய வீட்டு மாடிப்படியின் கீழே பூட்டிக் கிடக்கிறது. பள்ளி மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; மிதித்தால் கால் மணி நேரம். ஆனால், மேம்பாலத்தின் அடியிலுள்ள சந்திப்பை நினைத்து அவருடைய தந்தை அனுமதிப்பதில்லை. தம் வண்டியிலேயே நாள்தோறும் கொண்டுபோய் விடுகிறார். தந்தையின் அச்சத்தில் பொருளுண்டு. எனினும், அதன் விளைவைக் காணுங்கள்: நெரிசலில் மேலும் ஒரு வண்டி சேர்கிறது, தானே இயங்கவேண்டிய வயதில் ஒரு பெண் பின்னிருக்கையில் அமர்கிறாள். புதுக்கோட்டைச் செம்மண் சாலையில் என் தாயார் முப்பத்தெட்டாம் வயதில் பெற்ற விடுதலை, பெருநகரில் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கிட்டவில்லை.

தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கப்பட்டு வருகிறது. வண்டியை வழங்கிய கைகள் அதற்கான தடத்தையும் வழங்கவேண்டும். முதன்மைச் சாலையில் தனித்தடம், உட்தெருக்களில் குறைந்த வேகம், சந்திப்புகளில் மிதிவண்டிக்கு முன்னுரிமை, பள்ளி வாயில்வரை அறுபடாத தொடர்ச்சி ஆகியவை அமைந்தால், அப்பூட்டு தானே திறக்கும்.

இதை வாசிக்கும் நீங்கள் நாளை பொறியாளராகலாம், ஆட்சியராகலாம், வார்டு உறுப்பினராகலாம். அப்பொறுப்புக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும் ஒரு கடிகாரமும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். கூடவே வீட்டிலுள்ள மிக மெதுவாக நடப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நகரத்தின் திட்டம் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.