மட்டாஞ்சேரியின் மிளகுக் கடை

நம் இல்லங்களின் அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு என்றும் ஓரிடம் உண்டு. அந்த மிளகைத் தேடியே ஒரு காலத்தில் உலகம் நம் மேற்குக் கரைக்கு வந்தது. முசிறித் துறையில் யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு கூறுகிறது. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. 1503-இல் போர்த்துக்கீசியர் இங்கே கோட்டை கட்டினர். 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் கொச்சியைக் கைக்கொண்டனர். அரசுகளின் கொடிகள் மாறின. மிளகுக் கொடி மாறவில்லை.

இவ்வரலாற்றின் எச்சத்தைக் காண விரும்பி, எறணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து மட்டாஞ்சேரி சென்றோம். 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்துக்குச் செல்லும் தெருவில் முன்பு பண்டகசாலைகள் நிறைந்திருந்தன. இன்று அவற்றுட் பல பழம்பொருள் அங்காடிகளாகிவிட்டன. சற்று அப்பால் குஜராத்தி வணிகக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நடத்தி வரும் கடையில் எங்களை அன்புடன் வரவேற்றனர்.

குலையில் ஓரிரு மணிகள் சிவந்ததும் மிளகைப் பறிக்க வேண்டும் என்றார் கடைப் பெரியவர். உதிர்த்து வெயிலில் உலர்த்தினால் பச்சை நிறம் கறுத்துத் தோல் சுருங்கும். எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பின்னர் சலித்து, தூசியும் காம்பும் நீக்கி, பருமன் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு லிட்டர் அளவை நிரப்பி நிறுத்தால் மிளகின் திண்மை தெரிந்துவிடும். நல்ல மிளகு 550 கிராமுக்குக் குறையாது. பெரியவரோ ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டியே தரத்தைக் கூறினார்!

1957-இல் மட்டாஞ்சேரியில் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில் வணிகர் கூடி உரக்க விலை கூறுவது வழக்கம். கணினி வந்தபின் அவ்வொலி அடங்கிற்று. உலகில் மிளகு விளைச்சலில் வியத்நாம் முந்திவிட்டது.

“நாங்களும் உங்களைப் போல் வேற்றூரிலிருந்து வந்தவர்களே,” என்றார் பெரியவர். “எங்கள் மொழிக்குப் பள்ளிக்கூடம் வைத்தோம், பேரப்பிள்ளைகள் குஜராத்தி பேசுகிறார்கள். ஆனால் மிளகைக் கையில் எடுத்துத் தரம் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. மொழியைப் பள்ளிக்கூடம் கற்றுத் தரும்; இதை யார் கற்றுத் தருவார்?”

இக்கேள்வி நமக்கும் உரியதன்றோ? பிழைக்க வந்த ஊரில் தமிழைப் பேணச் சங்கம் கண்டோம். நம் பாட்டனாரின் கைத்திறனை நம்மில் எத்தனை பேர் கற்றிருக்கிறோம்?

கொச்சி செல்லும் அன்பர்கள் பழம்பொருள்களை மட்டும் கண்டு திரும்பாது, இத்தகைய கடை ஒன்றிலும் நுழையுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிடி மிளகை அவர்களும் உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கட்டும்.